அழையாமல் வரும் எண்ணங்கள்

ஒருவர் விரும்பாமல், வரவழைக்காமல், சட்டென்று மனத்தில் முளைத்துக் கவனத்தைப் பிடுங்கிக்கொள்ளும் எண்ணத்தையோ காட்சியையோ உந்துதலையோ உளவியலார் ஊடுருவும் எண்ணம் என்கிறார்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தாயின் மனத்தில், அதன் தலையை நீரில் அமிழ்த்துவதுபோல் ஒரு காட்சி தோன்றி மறைகிறது. கருவறை முன் கைகூப்பி நிற்பவருக்குத் தெய்வத்தைப் பற்றியே ஆபாசமான ஒரு சொல் உள்ளுக்குள் எழுகிறது. ரயில் நுழைகையில் நடைமேடையில் நிற்பவருக்கு, முன்னால் நிற்பவரைத் தள்ளிவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. அரிவாள்மனையில் காய் நறுக்கிக்கொண்டிருப்பவரின் கண், எதிரே தவழும் குழந்தையின் மேல் போகிறது. அடுத்த நொடி கை வெலவெலத்து, மனையை மடக்கி மூலையில் வைத்துவிடுகிறார்.

இவர்களில் யாரும் அப்படிச் செய்ய நினைத்தவர்கள் அல்லர். நினைக்கவே கூசுபவர்கள். எண்ணத்தின் உள்ளடக்கம் அதை நினைப்பவரின் இயல்புக்கும் பற்றுக்கும் நேர் எதிராக இருப்பதுதான் இவ்வகை எண்ணங்களின் முதல் அடையாளம். பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவருக்குப் பிள்ளையைப் பற்றியும், பக்தி மிகுந்தவருக்குக் கடவுளைப் பற்றியும், ஒழுக்கத்தில் கண்டிப்பானவருக்குப் பாலுறவைப் பற்றியும் அவை வருகின்றன. இரண்டாவது அடையாளம் மௌனம். இப்படி ஒன்று தோன்றியதைக் கணவனிடமோ மனைவியிடமோகூடச் சொல்ல முடிவதில்லை. ஒவ்வொருவரும் மறைப்பதால், உலகத்தில் தனக்கு மட்டுமே இப்படி நேர்கிறது என்று ஒவ்வொருவரும் நம்புகிறார்கள்.

எல்லா ஊடுருவும் எண்ணங்களும் இவ்வளவு கொடூரமானவை அல்ல. கேஸ் சிலிண்டரை மூடினோமா, கதவைப் பூட்டினோமா, வண்டியில் வரும்போது யார்மீதாவது இடித்துவிட்டோமா என்ற ஐயங்களும் இந்த வகைதான். எண்ணிக்கையில் இவையே மிகுதி. அழுக்கு, தொற்று, தீட்டு பற்றியவை இன்னொரு பிரிவு. ஆனால் மனிதரை உலுக்குபவை வன்முறை, பாலுறவு, தெய்வ நிந்தனை என்ற மூன்றும்தான்.

இவை நோயாளிகளுக்கு மட்டுமே வருபவை என்றே மருத்துவ உலகமும் வெகுகாலம் எண்ணியிருந்தது. அந்த நம்பிக்கையை அசைத்தது 1978-இல் லண்டன் மனநல மருத்துவ நிறுவனத்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு. அதைச் செய்தவர்கள் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஸ்டான்லி ராக்மனும் இலங்கையரான பத்மல் டி சில்வாவும். மனநோய்ச் சிகிச்சை எதுவும் பெறாத 124 பேரிடம், விரும்பாத எண்ணங்களோ உந்துதல்களோ வருவதுண்டா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் உண்டு என்றார்கள். பிறகு, நலமாக இருப்பவர்கள் சொன்ன எண்ணங்களையும் நோயாளிகள் சொன்னவற்றையும் கலந்து, எது யாருடையது என்று கண்டுபிடிக்கும்படி அனுபவம் மிக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். அவர்களால் தெளிவாகப் பிரித்துச் சொல்ல இயலவில்லை. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. நோயாளிகளிடம் அந்த எண்ணங்கள் அடிக்கடி வந்தன, நீண்ட நேரம் நின்றன, கூடுதல் வேதனை தந்தன, விரட்டினால் எளிதில் போகவில்லை.

1984-இல் பால் சால்கோவ்ஸ்கிஸும் ஹாரிசனும் இதே கேள்வியை மீண்டும் ஆராய்ந்தபோது விகிதம் 88-ஐத் தொட்டது. வினாத்தாளில் டிக் அடிக்கச் சொன்னால் சாதாரணக் கவலையையும் சேர்த்து அடித்துவிடுவார்கள் என்ற எதிர்ப்பு அப்போதிருந்தே உண்டு. நியாயமான எதிர்ப்புதான். அதைத் தீர்க்க, கனடாவின் ஆடம் ரடோம்ஸ்கி தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு நேர்காணல் முறையைக் கையாண்டது. ஆறு கண்டங்களில் 13 நாடுகளைச் சேர்ந்த 777 பல்கலைக்கழக மாணவர்களை உட்கார வைத்துப் பேசி, கவலை எது, பழைய நினைவை அசைபோடுவது எது, உண்மையில் ஊடுருவும் எண்ணம் எது என்று பிரித்தார்கள். 2014-இல் வெளியான முடிவின்படி, முந்தைய மூன்று மாதங்களில் ஒருமுறையேனும் அப்படிப்பட்ட எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 94 விழுக்காடு. கனடாவும் ஈரானும் சியரா லியோனும் ஹாங்காங்கும் அந்தப் பட்டியலில் இருந்தன. இந்தியாவும் இலங்கையும் இல்லை.

இந்த முடிவுகளை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. நெதர்லாந்தின் எரிக் ராசின் போன்றோர் 2007-இல் மீண்டும் சோதித்து, நோயாளிகளின் எண்ணங்களை உள்ளடக்கத்தை வைத்தே ஓரளவுக்கு அடையாளம் காண முடிகிறது என்று காட்டினார்கள். மான்ட்ரியல் ஆய்வாளர்கள் வேறொன்றைச் சுட்டினார்கள்: நலமாக இருப்பவருக்குக் கத்தியைப் பார்க்கும்போது கத்தி பற்றிய எண்ணம் வருகிறது, நோயாளிக்கோ எதிரில் எதுவுமே இல்லாதபோதும் வருகிறது. ஆகவே ‘எல்லோருக்கும் உள்ளதுதான்’ என்று சொல்லி நோயாளியை அனுப்பிவிடுவது பொருந்தாது. அந்த எண்ணம் வருவது நோய்க்கான சான்றன்று என்பதோ, தீய குணத்துக்கான சான்றன்று என்பதோ இந்த மறுப்புகளால் மாறவில்லை.

மனம் ஏன் இப்படிப்பட்டவற்றை எழுப்புகிறது என்பதற்கு ஒரே விடை கிடையாது. மனம் இயல்பிலேயே அலைவது என்பது முதல் பகுதி. ஹார்வர்டின் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரின் கைபேசிகளுக்கு அவ்வப்போது கேள்வி அனுப்பி, அந்த நொடியில் மனம் எங்கே இருந்தது என்று கேட்டார்கள். 2010-இல் வெளியான கணக்கின்படி, விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு, மனம் கையிலுள்ள வேலையில் இல்லை. இவ்வளவு பெரிய ஓட்டத்தில் அபத்தமும் கொடூரமும் கலந்துவருவதில் வியப்பில்லை. அவற்றில் பெரும்பாலானவை தடம் இல்லாமல் போய்விடுகின்றன, நாமும் கவனிப்பதில்லை.

அப்படியானால் ஏன் பூக்களைப் பற்றி ஊடுருவாமல் கத்திகளைப் பற்றியே ஊடுருவுகின்றன? இங்கே பரிணாம நோக்கு உதவுகிறது. ரியாத் ஆபெட், கரேல் டி பாவ் என்ற இரு மனநல மருத்துவர்கள் 1990களின் இறுதியில் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். நேரக்கூடிய ஆபத்துகளை, நாம் கேட்காமலே காட்சியாக ஓட்டிக் காட்டும் ஏற்பாடு மனித மூளையில் இருக்கிறது; உண்மையில் அடிபடாமலே பாடம் கற்றுக்கொள்ள அது உதவுகிறது என்பது அவர்கள் வாதம். அமெரிக்க மருத்துவர் ராண்டால்ஃப் நெஸ்ஸி இத்தகைய காவல் ஏற்பாடுகளைப் புகை எச்சரிக்கை மணியோடு ஒப்பிட்டார். தோசை கருகினாலும் அலறும் மணி தொல்லைதான். ஆனால் வீடு எரியும்போது ஒருமுறை அலறத் தவறும் மணியைவிட அது மேல். ஒரு தாயின் மூளை குழந்தைக்கு நேரக்கூடிய தீங்குகளைத் தேவைக்கு அதிகமாகவே கற்பனை செய்தால், குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்தக் கற்பனையில் தீங்கு செய்யும் கை சில வேளை அவளுடைய கையாகவே இருந்துவிடுகிறது.

பிள்ளை பெற்ற பெண்களிடம் நடந்த ஆய்வுகள் இதற்கு இடம் தருகின்றன. கனடாவின் நிக்கோல் ஃபேர்பிரதர், ஷீலா வுடி இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கலந்துகொண்ட புதுத் தாய்மார் அனைவருக்குமே குழந்தைக்கு விபத்து நேர்வதுபோன்ற எண்ணங்கள் வந்திருந்தன. தானே வேண்டுமென்று குழந்தையைத் துன்புறுத்துவதுபோன்ற எண்ணம் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்திருந்தது. எண்ணம் வந்தவர்கள் குழந்தையைத் துன்புறுத்தும் வாய்ப்பு கூடுதலா என்று ஃபேர்பிரதர் குழு பின்னர் பெரிய அளவில் ஆராய்ந்தது. 2022-இல் வெளியான அந்த முடிவில் அப்படியொரு தொடர்புக்குச் சான்று கிடைக்கவில்லை. தூக்கமின்மையும் திடீரென்று தலைமேல் விழும் பொறுப்பும் இந்த எண்ணங்களைப் பெருக்குகின்றன. தந்தையருக்கும் இவை வருகின்றன என்பது அதிகம் பேசப்படாத செய்தி.

நம்மூர்ப் பிரசவ அறையில் இது இன்னும் சிக்கலாகிறது. காற்றுகருப்பு அண்டாமல் இருக்கப் பச்சை உடம்புக்காரியின் படுக்கை ஓரத்தில் இரும்பு வைக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இன்றும் உண்டு; அந்த இரும்பு ஒரு கத்தியாகவோ அரிவாளாகவோ இருப்பதும் உண்டு. கத்தியைப் பற்றிய எண்ணத்தால் வாதைப்படும் பெண் அதை எடுத்துவிடச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால், ஏதோ பிடித்துக்கொண்டது என்று பேச்சு வரும். அவள் வாய் திறக்காமல் குழந்தையை மாமியாரிடமோ அம்மாவிடமோ தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறாள். வீட்டார் கண்ணுக்கு அது பாசமின்மையாகத் தெரிகிறது.

உயரமான இடங்களில் எழும் உந்துதலும் இப்படிப் பிழையாகப் படிக்கப்படுவதுதான். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரருகே நிற்கையில், குதித்துவிட்டால் என்ன என்ற நினைப்பு வருவதைப் பலரும் அறிவார்கள். ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் ஹேம்ஸும் உடன் ஆய்வாளர்களும் 431 மாணவர்களிடம் இதைக் கேட்டு 2012-இல் வெளியிட்டார்கள். தற்கொலையைப் பற்றி ஒருபோதும் நினைத்திராதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அந்த உந்துதலை அறிந்திருந்தார்கள். ஆய்வாளர்களின் விளக்கம் சுவையானது: விளிம்பைக் கண்டதும் உடல் அனிச்சையாகப் பின்வாங்குகிறது, சற்றுத் தாமதமாக விழித்துக்கொள்ளும் அறிவு, ‘ஏன் பின்வாங்கினேன்? குதிக்க நினைத்தேன் போலும்’ என்று தானே ஒரு காரணம் கட்டிக்கொள்கிறது. உயிர் காக்கும் எச்சரிக்கையே உயிர் போக்கும் ஆசையாகத் தோற்றமளிக்கிறது. இந்த விளக்கம் இன்னும் அனுமானம்தான். கணக்கெடுப்பு மட்டுமே உறுதியானது.

எண்ணம் வருவது இவ்வளவு பொதுவானதென்றால், ஒருவர் அதைப் பொருட்படுத்தாமல் போகவும் இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டவும் காரணம் என்ன? 1985-இல் சால்கோவ்ஸ்கிஸும் 1997-இல் ராக்மனும் தந்த விடை, எண்ணத்துக்கு ஒருவர் கொடுக்கும் பொருளில்தான் எல்லாம் இருக்கிறது என்பது. ‘சே, என்ன கண்றாவி நினைப்பு’ என்று தள்ளிவிட்டால் கதை முடிந்தது. ‘இப்படி நினைக்கிறேன் என்றால் நான் எப்படிப்பட்டவன்? ஒருநாள் செய்துவிடுவேனோ?’ என்று கேட்டுவிட்டால் அந்த எண்ணம் முக்கியமானதாகிவிடுகிறது. முக்கியமானதை மூளை கண்காணிக்கும். கண்காணிக்கப்படுவது மேலும் மேலும் கண்ணில் படும். பொறுப்புணர்ச்சி மிகுந்தவர்களும் மனச்சாட்சிக்கு அஞ்சுபவர்களும் அந்தக் கேள்வியை மற்றவர்களைவிட விரைவில் கேட்கிறார்கள். நல்லவர்கள் கூடுதலாக அவதிப்படுவது இதனால்தான்.

இந்தப் பொருள்கொள்ளலின் அடியில் கிடக்கும் நம்பிக்கைகள் இரண்டு. நினைப்பதும் செய்வதும் ஒரே பாவம் என்பது ஒன்று. நினைத்தால் நடந்துவிடும் என்பது மற்றொன்று. ரோஸ் ஷாஃப்ரான், டானா தோர்டார்சன், ராக்மன் மூவரும் 1996-இல் இவற்றை அளக்க ஓர் அளவுகோல் செய்து, எண்ணமும் செயலும் ஒன்றிவிடும் நிலை என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டு ராக்மன் குழு செய்த ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். இந்த நம்பிக்கை மிகுந்தவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, தமக்கு நெருங்கிய ஒருவரின் பெயரைக் குறிப்பிட்டு, அவர் கார் விபத்தில் சிக்க வேண்டும் என்று விரும்புவதாக எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களின் பதற்றம் ஏறியது. பரிகாரம் செய்துகொள்ளலாம் என்றதும் சிலர் வாக்கியத்தை அடித்தார்கள், சிலர் தாளைக் கிழித்தார்கள், பதற்றம் இறங்கியது. மற்றொரு பிரிவினரைப் பரிகாரம் எதுவும் செய்யாமல் 20 நிமிடம் சும்மா இருக்கச் சொன்னார்கள். அவர்களுடைய பதற்றமும் அதே அளவுக்குத் தானாகவே இறங்கியது.

தமிழ் வீடுகளில் இந்தச் சோதனை நாள்தோறும் நடக்கிறது. வாய் தவறி அமங்கலமாக ஒரு சொல் வந்தால் ‘வாயைக் கழுவு’ என்பார்கள். சாமி சன்னிதியில் தகாதது தோன்றினால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ‘ததாஸ்து’ சொல்லும் தேவதைகள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று எச்சரிப்பவர்களும் உண்டு. பெரும்பாலோருக்கு இது ஒரு நொடியில் முடியும் பழக்கம், அதில் கேடும் இல்லை. ஆனால் ஒருமுறை போட்டுக்கொண்டது போதவில்லை என்று தோன்றி, ஒன்பதாகவும் இருபத்தேழாகவும் நூற்றெட்டாகவும் வளர்ந்து, இடையில் மீண்டும் தகாதது தோன்றிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிட்ட நிலையில், அது பக்தி என்ற எல்லையைத் தாண்டிவிட்டது.

நினைப்பே பாவம் என்ற கருத்து எல்லாச் சமயங்களிலும் ஒரே அழுத்தத்துடன் இல்லை. ஆடம் கோயனும் பால் ரோசினும் 2001-இல் அமெரிக்காவில் ஒப்பிட்டபோது, யூதர்களைவிடப் புரொட்டஸ்டன்ட் கிறித்தவர்கள் மனத்தில் தோன்றுவதை ஒழுக்கக் குற்றமாக எடைபோடும் போக்கு மிகுந்திருந்தது. தமிழில் இந்த இடத்தில் உடனே நினைவுக்கு வருவது கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர் உள்ளத்து நினைப்பையே தீது என்று சொல்லும் குறள். ஆனால் அவர் அங்கே பழிப்பது, பிறர் பொருளைக் களவாடுவோம் என்று ஒருவன் தனக்குள் செய்துகொள்ளும் தீர்மானத்தை. தானாக வந்து, வந்ததற்காக ஒருவரைக் கூசவைக்கும் எண்ணம் தீர்மானம் ஆகாது. இந்த வேறுபாட்டைப் புரியவைத்தாலே சிலருடைய பாதிச் சுமை இறங்கிவிடும்.

அடுத்தது, விரட்டும் முயற்சி. டெக்சஸின் டிரினிட்டி பல்கலைக்கழகத்தில் டேனியல் வெக்னர் நடத்தி 1987-இல் வெளியிட்ட சோதனை பலரும் அறிந்தது. அதற்கான பொறி ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் பயணக் குறிப்பு ஒன்றிலிருந்து கிடைத்தது. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காதீர்கள், நினைத்துவிட்டால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லப்பட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன்பின் நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்கள் அதிகமாக நினைத்தார்கள். ஓர் எண்ணத்தைத் தடுக்க வேண்டுமானால், அது வருகிறதா என்று மனத்தின் ஒரு பகுதி காவல் இருக்க வேண்டும். காவல் இருப்பதற்கு அது எது என்று நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று வெக்னர் பின்னர் விளக்கினார்.

வெள்ளைக் கரடியை வைத்து எழுதப்பட்ட பலவும் அந்தச் சோதனை காட்டியதைவிடக் கூடுதலாகவே சொல்லிவிட்டன. 2001-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தடுத்து முடித்தபின் எண்ணம் பெருகுவது சிறிய, நடுத்தர அளவிலேயே இருந்தது. கேம்பிரிட்ஜின் மைக்கேல் ஆண்டர்சன் இன்னும் ஒரு படி மேலே போய், முறையாகப் பழகினால் எண்ணத்தைத் தடுப்பது பலன் தரும் என்கிறார். அவரும் சுல்கைடா மாமட்டும் 16 நாடுகளைச் சேர்ந்த 120 பேருக்கு, தமக்கு அச்சம் தரும் காட்சி தலைகாட்டியதும் அதை நிறுத்தப் பயிற்சி அளித்து, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். காட்சிகளின் தெளிவும் அச்சமும் குறைந்தன, மனநலம் கெடவில்லை. மூளையின் முன்பகுதி, நினைவகமான ஹிப்போகாம்பஸை அடக்குகிறது என்றும், அங்கே காபா என்ற வேதிப்பொருள் போதுமான அளவில் இருப்பவர்களுக்கு இந்த அடக்கம் நன்றாகக் கைகூடுகிறது என்றும் ஆண்டர்சனின் குழு 2017-இல் காட்டியிருந்தது. தூக்கம் கெட்டால் இந்தத் திறன் குன்றுகிறது என்பது யார்க் பல்கலைக்கழகத்தின் கண்டுபிடிப்பு. இவற்றை முன்னையவற்றோடு எப்படிப் பொருத்துவது? அமைதியாக, பழகிய முறையில் ஒரு காட்சியை நிறுத்துவது வேறு. பீதியோடு, ‘இது வந்தால் நான் கெட்டவன்’ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு விரட்டுவது வேறு என்று கொள்வதே இப்போதைக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

விரட்டுவது மட்டுமல்ல, சோதித்துப் பார்ப்பதும் எண்ணத்துக்குத் தீனி போடுகிறது. கத்திகளை ஒளித்து வைத்தல், குழந்தையோடு தனியே இருக்காதிருத்தல், பூட்டைப் பத்து முறை இழுத்துப் பார்த்தல், ‘நான் அப்படிச் செய்ய மாட்டேன்தானே?’ என்று வீட்டாரிடம் திரும்பத் திரும்பக் கேட்டல், இணையத்தில் மணிக்கணக்காகத் தேடுதல் எல்லாம் ஒரு நிமிட நிம்மதி தருகின்றன. அந்த நிம்மதிக்காகவே அடுத்த முறையும் அதையே செய்ய வேண்டியதாகிறது. கத்தியை ஒளித்து வைத்ததால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று மனம் கணக்கெழுதிக்கொள்கிறது. கத்தி மேசைமேல் கிடந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பதை அறியும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்த எண்ணங்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கம் ஃபிராய்டின் வழி வந்தது. எலி மனிதன் என்று அழைக்கப்படும் நோயாளியைப் பற்றி அவர் 1909-இல் எழுதிய கட்டுரையில், தந்தைக்கும் காதலிக்கும் எலிகளால் கொடூரம் நேரும் என்ற அந்த இளைஞனின் ஓயாத எண்ணத்துக்கு அடியில், அவர்கள்மீது புதைந்துகிடக்கும் வெறுப்பைக் கண்டார். கதையாகப் படிக்க அது அற்புதமானது. ஆனால் ‘எண்ணம் வருகிறதென்றால் ஆசை இருக்கிறது’ என்று நோயாளி ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருப்பதற்கு மருத்துவரே முத்திரை குத்துவதாகவும் அது ஆகிவிட்டது. இன்றைய ஆய்வுகளில் அந்த விளக்கத்துக்குத் துணை நிற்பது மிகக் குறைவு.

ஃபிராய்டுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சமயத் துறவிகள் இதில் கூடுதல் தெளிவோடு இருந்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மலை மடத்தின் தலைவராக இருந்த யோவான் கிளிமாக்குஸ் தம் ‘ஏணி’ என்ற நூலில் ஒரு துறவியின் கதையைச் சொல்கிறார். இருபது ஆண்டுகள் தெய்வ நிந்தனை எண்ணங்களால் அலைக்கழிந்து, நோன்பும் கண்விழிப்பும் இருந்து உடலை வாட்டியும் பயன் காணாத அந்தத் துறவி, அவற்றை வாயால் சொல்லக் கூசி ஒரு தாளில் எழுதி, ஒரு முதியவரிடம் கொடுத்துவிட்டுத் தரையில் முகம் புதைத்து விழுந்தார். படித்த முதியவர் புன்னகைத்தார். துறவியைத் தூக்கி நிறுத்தி, அவருடைய கையைத் தம் கழுத்தில் வைக்கச் செய்து, இந்தப் பாவம் முழுவதும் இனி என் கழுத்தின்மேல் இருக்கட்டும், நீ மட்டும் இதைப் பொருட்படுத்தாதே என்றார். அறையைவிட்டு வெளியேறும் முன்பே துறவியின் துன்பம் நீங்கிவிட்டதாம். நோன்பு கூட்டிய முக்கியத்துவத்தை ஒரு புன்னகை கழற்றிவிட்டது. இன்றைய சிகிச்சையாளர் இதில் திருத்தக்கூடியது ஒன்றுதான்: பொறுப்பை இன்னொருவர் கழுத்துக்கு மாற்றாமல், அப்படி ஒரு பொறுப்பே இல்லை என்று காட்டுவார்.

இஸ்லாத்தில் இதற்கு வஸ்வாஸ் என்ற பெயர் உண்டு. தமிழ் முஸ்லிம்களின் பேச்சிலும் அது வழங்குகிறது. வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் வருகின்றன என்று தோழர்கள் முறையிட்டபோது, அப்படி அஞ்சுவதே தெளிவான ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், அடையாளம் என்று நபிகள் விடையளித்ததாக ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பு சொல்கிறது. இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் பகுதியில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கி (850–934), உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றிய தம் நூலில் இத்தகைய எண்ணங்களுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கினார். பௌத்தத்தில் மஜ்ஜிம நிகாயத்தின் இருபதாம் சூத்திரம் வேண்டாத எண்ணங்களைக் கையாள ஐந்து வழிகளை அடுக்குகிறது: வேறொரு நல்ல எண்ணத்தை வைத்தல், அதன் கேட்டை ஆராய்தல், கவனியாது விடுதல், அது உருவாகும் விதத்தை நோக்கித் தணித்தல், எதற்கும் அடங்காவிட்டால் பல்லைக் கடித்து மனத்தால் மனத்தை அடக்குதல். இதற்கும் நடத்தைச் சிகிச்சை முறைகளுக்கும் உள்ள ஒற்றுமையை 1980களில் விரிவாக எழுதியவர் 1978 ஆய்வின் அதே பத்மல் டி சில்வாதான். வன்மையான வழியைக் கடைசியில் வைத்த அந்த வரிசை கவனிக்கத் தக்கது.

நோய் எங்கே தொடங்குகிறது என்பதற்கு நடைமுறையில் ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள். எண்ணங்களும் அவற்றைத் தணிக்கச் செய்யும் சடங்குகளும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றாலோ, வேலையையும் உறவையும் குலைத்தாலோ, ஓசிடி என்று பரவலாகச் சொல்லப்படும் எண்ணச் சுழற்சி நோய் எனக் கொள்கிறார்கள். கை கழுவுவதுபோல் வெளியே தெரியும் சடங்கு இருந்தாக வேண்டும் என்பதில்லை. மனத்துக்குள்ளேயே மந்திரம் சொல்லுதல், எண்ணுதல், நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்த்தல் எல்லாம் சடங்குதான்.

வேறு சிலவற்றை இதிலிருந்து பிரித்தறிய வேண்டும். பட்ட கொடுமை கண்முன் மீண்டும் நிகழ்வதுபோல் வருவது அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு. போரையும் ஆழிப்பேரலையையும் கண்ட ஈழத் தமிழரிடையே இது மிக அறிமுகமானது. எண்ணம் தன்னுடையதே அல்ல, வேறு யாரோ உள்ளே திணிக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவதும், செய்யச் சொல்லிக் குரல் கேட்பதும் மனச்சிதைவுப் பக்கம் சேரும். சாக வேண்டும் என்ற விருப்பமும் அதற்கான திட்டமும் இருந்தால் அது ஊடுருவும் எண்ணம் என்று ஒதுக்கத் தக்கதன்று. பிரசவத்துக்குப் பின் குழப்பமான பேச்சும் பிரமையும் தோன்றி, அந்த எண்ணம் கூச்சத்தைத் தராமல் சரி என்றே தோன்றினால் உடனடி மருத்துவம் வேண்டும். எண்ணத்தைக் கண்டு அஞ்சுகிறாரா, அதோடு உடன்படுகிறாரா என்பதே மருத்துவர் முதலில் கேட்பது.

சிகிச்சையில் திருப்பம் 1966-இல் வந்தது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர், பல ஆண்டுகளாக எதற்கும் குணமாகாத இரு பெண்களுக்கு, அஞ்சுவதை எதிர்கொள்ள வைத்து, சடங்கை மட்டும் செய்யவிடாமல் தடுக்கும் முறையைக் கையாண்டார். அவர்களில் ஒருவருக்கு இருந்தது தெய்வ நிந்தனை எண்ணம். இருவரும் பெரிதும் தேறினார்கள். எதிர்கொள்ளலும் சடங்குத் தடையும் என்ற இந்த முறையே இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. கத்திக்கு அஞ்சும் தாய், குழந்தை பக்கத்தில் இருக்கக் காய் நறுக்குகிறாள். பதற்றம் ஏறும்போது கத்தியை வைத்துவிடாமல், மந்திரம் சொல்லாமல், யாரையும் கேட்காமல் நறுக்கி முடிக்கிறாள். எண்ணத்தைத் தன் குரலிலேயே கைபேசியில் பதிவு செய்து, சலிப்புத் தட்டும்வரை கேட்கச் சொல்வதும் உண்டு. எண்ணம் தோன்றியதும் மணிக்கட்டில் மாட்டிய ரப்பர் பேண்டைச் சுண்டி ‘நிறுத்து’ என்று அதட்டச் சொன்ன பழைய முறை பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது.

வீட்டாருக்கும் இதில் வேலை உண்டு. ‘ஒன்றும் ஆகாது’ என்று நூறாவது முறை சொல்வது அன்புதான் என்றாலும் சடங்கின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அதைத் திட்டி நிறுத்தாமல், சிகிச்சையாளரோடு பேசி வைத்துக்கொண்டு படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். மருந்துகளில் ஃபுளுவாக்ஸெடின், ஃபுளுவாக்ஸமின், செர்ட்ராலின் முதலியவையும் பழைய குளோமிபிரமினும் பயன்படுகின்றன. மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவு பல வேளைகளில் தேவைப்படும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம் என்பதால், மூன்றாம் வாரத்திலேயே மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. பெங்களூரு நிம்ஹான்ஸில் இந்த நோய்க்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் அணுகலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926.